மூன்று தடவை கேட்க வேண்டிய மனிதர்

என் வீட்டுக்காரரிடம் எதையும் மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் தடவை "வேணாம்" என்பார். இரண்டாவது தடவை "அட, எதுக்குச் சிரமம்" என்பார். மூன்றாவது தடவைதான் கை நீளும். கல்யாணத்துக்கு முன்னால் அவர் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவரும் கூட வந்திருந்தார். வடைத் தட்டை நீட்டினேன். வேண்டாம் என்றார். மறுபடி நீட்டினேன். வயிறு நிறைந்திருக்கிறது என்றார். என் அம்மா கண்ணைக் காட்டியதால் மூன்றாவது தடவையும் நீட்டினேன். நாலு வடையை எடுத்துக்கொண்டார். வயிறு நிறைந்த மனிதர் நாலு வடை தின்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் பள்ளிக்கூடத்து டீச்சர். முப்பது வருஷத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். என் வகுப்பில் கேள்வி ஒரு தடவைதான். தெரிந்தால் சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் உட்கார வேண்டும். இந்த இழுபறியெல்லாம் எனக்கு ஆகாது. அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் ஒரு மூன்று தடவைக்காரருக்குக் கட்டிவைத்தால் என்ன ஆகும்? முதல் ஒரு மாதம் அவருக்கு அரை வயிறுதான். இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்பேன், வேண்டாம் என்பார், நான் சட்டியை மூடிவிடுவேன். மனிதர் மூடிய சட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கை கழுவப் போவார். கடைசியில் என் மாமியார்தான் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏம்மா, எம் மகன் எளைச்சுப் போறான், இன்னும் ரெண்டு தடவ கேளு" என்று சொல்லிக்கொடுத்தார்.

கடைவீதியில் அவருக்கு மோட்டார் பம்பும் பைப்பும் விற்கிற கடை. திண்டுக்கல்லில் அந்த வியாபாரம் செய்கிறவர்கள் நிறையப் பேர். ஆனாலும் பழனியைத் தாண்டித் தொப்பம்பட்டி, நெய்க்காரப்பட்டிப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் கெட்டுப்போன கிணற்று மோட்டாரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி இவரிடம்தான் வருவார்கள். பழனியில் கடையே இல்லையா என்று ஒருமுறை அவரிடமே கேட்டேன். கடை இருக்கு, இம்புட்டுப் பேச்சுக்கு ஆள் இல்லை என்றார். அது உண்மைதான். வருகிறவர் மோட்டாரை இறக்கி வைப்பதற்குள் மழை, மாடு, மகள் கல்யாணம் மூன்றையும் இவர் விசாரித்து முடித்திருப்பார். அப்புறம் டீ. வந்தவர் வேண்டாம் என்பார், இவர் மறுபடி கேட்பார், அவர் இப்போதுதான் குடித்தேன் என்பார், இவர் மூன்றாவது தடவை கேட்பார், டீ வரும். இதற்கு ஆகிற நேரத்தில் எரிந்துபோன ஒரு மோட்டாருக்குப் புதுச் செம்புக் கம்பியே சுற்றிவிடலாம். நேரடியாக டீயைச் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டதற்கு அவர் முகம் சுருங்கிப் போனது.

"மூணு தடவ கேக்காம ஒருத்தர வெளிய அனுப்புறது, கழுத்தப் புடிச்சுத் தள்ளுறதுக்குச் சமம் டீச்சர்" என்றார். நான் அவருக்கு மனைவியாகி இத்தனை வருஷம் ஆகியும் டீச்சர்தான்.

இந்தக் குணத்தை வைத்துக்கொண்டுதான் அவர் கடைவீதி வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவரானார். பாத்திரக் கடைக்காரருக்கும் செருப்புக் கடைக்காரருக்கும் தார்ப்பாய் யார் வாசல்வரை நீளலாம் என்று ஒரு சண்டை. கோர்ட்டுக்குப் போகிற அளவுக்கு முற்றிப் போயிருந்தது. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்ளாதீர்கள் என்று நான் தடுத்தேன். அவர் கேட்கவில்லை. தினமும் இருவர் கடையிலும் போய் உட்கார்ந்தார். நியாயம் எதுவும் பேசியதாகத் தெரியவில்லை. விட்டுக்கொடுக்கிறீர்களா என்று அவரிடம் ஒரு தடவை, இவரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டு வருவார். மறுநாள் மறுபடியும் கேட்பார். மூன்றாவது நாள் செருப்புக் கடைக்காரர் தார்ப்பாயைத் தானே சுருட்டிவிட்டார். அதைப் பார்த்த பாத்திரக் கடைக்காரர், தன் தார்ப்பாயை அவர் கடைக்கும் சேர்த்து நீளமாகக் கட்டிவிட்டார். "ஆடிக் கறக்குற மாட்ட ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்குற மாட்டப் பாடிக் கறக்கணும்" என்று வீட்டில் வந்து ஒரே பெருமை.

பிள்ளையார் கோயில் விழாவுக்கு ட்யூப் லைட் கட்டுவதும் அவர்தான், தர்கா சந்தனக்கூடு விழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவதும் அவர்தான். சாக்கடை அடைத்துக்கொண்டால் மாநகராட்சிக்கு முதல் போன் அவருடையது. யார் வீட்டு விசேஷமானாலும் பந்தியில் நின்றுகொண்டிருப்பாரே தவிர உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு இதிலெல்லாம் எரிச்சலும் உண்டு, பெருமையும் உண்டு. எரிச்சலை வாய்விட்டுச் சொல்வேன், பெருமையைச் சொன்னதில்லை.

சங்கத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தலைவர் தேர்வு. தேர்தல் என்று பெயர்தானே தவிர ஓட்டுப் பெட்டியெல்லாம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கக் கட்டடத்து மாடியில் எல்லோரும் கூடுவார்கள். செயலாளர் எழுந்து, நீங்களே தொடர வேண்டும் என்று கேட்பார். இவர் எழுந்து, இளைஞர்களுக்கு வழிவிட வேண்டும் என்று மறுத்துவிட்டு உட்காருவார். அடுத்து எண்ணெய்க் கடைப் பெரியவர் எழுந்து கேட்பார். இவர், உடம்பு முன்னே மாதிரி இல்லை, வீட்டிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பார். என் தலை அங்கே உருளும். மூன்றாவதாக எல்லோரும் எழுந்து நின்று கேட்பார்கள். அதற்குள் ரோஜா மாலை படியேறி வந்துகொண்டிருக்கும். இவர் வேறு வழியில்லாதவர் மாதிரி தலையைக் குனிவார். மாலையோ முந்தின நாளே பூ மார்க்கெட்டில் அவருடைய உயரத்துக்குச் சொல்லி வைத்தது. ஏழு தடவை இப்படியே நடந்தது. ஏழு தடவையும் ஸ்கூட்டர் ஹாண்டிலில் மாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, "விட மாட்டேங்குறாங்க டீச்சர்" என்று அலுத்துக்கொள்வார். அலுப்பில் முகம் பளபளவென்று இருக்கும்.

போன கோடையில் கொடைரோடு ஸ்டேஷனில் வைத்து அவருக்கு நெஞ்சு வலி வந்தது. சொந்தக்காரர் யாரையும் அழைத்துவரப் போகவில்லை. ஜவுளிக் கடைக்காரர் வீட்டு விருந்தாளி ஒருவர் ரயிலில் தூங்கிப்போய், திண்டுக்கல்லைத் தாண்டி அங்கே இறங்கிவிட்டார், அவருக்கு ஊர் தெரியாது என்று இவர் போயிருந்தார். அந்த விருந்தாளிதான் இவரை வாடகைக் காரில் ஏற்றி மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஸ்டென்ட் வைத்தார்கள். ஓடித் திரிவதைக் குறைத்தால் நூறு வயசு இருப்பார் என்று டாக்டர் என்னிடம் சொன்னார்.  மூன்றாம் நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் கேட்டேன்.

"இந்தத் தலைவர் வேலையை விட்டுருங்க" என்றேன்.

"சரி" என்றார்.

அவ்வளவுதான். நான் இரண்டாவது தடவை கேட்பதற்கும் மூன்றாவது தடவை கேட்பதற்கும் அழுகையைத் தயாராக வைத்திருந்தேன். அதற்கு வேலையே வரவில்லை. அவர் கண்ணை மூடித் தூங்கிவிட்டார். எனக்குத்தான் சந்தேகம் பிடித்துக்கொண்டது. வடையைக்கூட மூன்றாவது தடவை எடுக்கிற மனிதர், உயிராய் நினைக்கிற வேலையை ஒரே தடவையில் விட்டுவிடுவாரா? வாயை அடைக்கச் சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது என் சந்தேகம் கெட்டியாகிவிட்டது. அவர் மேஜையில் உட்கார்ந்து ஒரு தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனதும் சட்டென்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வகுப்பில் பிட்டு ஒளிக்கிற எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஏற்புரை எழுதுகிறார் என்று புரிந்தது. என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சங்கத்துச் செயலாளருக்கு டீத்தூள் கடை. மறுநாள் கால் கிலோ டீத்தூள் வாங்குகிற சாக்கில் அங்கே போனேன்.

விஷயத்தைச் சொன்னேன். இந்தத் தடவை அவர் முதல் தடவை மறுத்ததும் விட்டுவிட வேண்டும், இரண்டாவது தடவை யாரும் எழுந்து கேட்கக் கூடாது என்றேன். செயலாளர் கையிலிருந்த டீத்தூள் கரண்டி அப்படியே நின்றது. தலைவரை ஒரு வார்த்தையில் அனுப்புவதா, ஊர் என்ன பேசும், எங்கள் கையை நாங்களே வெட்டிக்கொள்வதா என்று என்னென்னவோ சொன்னார்.

"உங்க தலைவர் உசுரோட வேணுமா, மாலையோட வேணுமா?" என்று கேட்டேன்.

அவர் டீத்தூளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நான் சொன்னதாகத் தெரியக் கூடாது என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் செயலாளர் போனில் சொன்னார். அவர் எழுந்து கேட்டிருக்கிறார். இவர் வழக்கம்போல எழுந்து, இளைஞர்களுக்கு வழிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, எண்ணெய்க் கடைப் பெரியவர் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கிறார். பெரியவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.  அப்புறம் செயலாளரே எழுந்து, தலைவரின் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுத்து என்று ஆரம்பித்து, செல்போன் கடைக்காரர் பெயரைச் சொல்லி முடித்துவிட்டார். மாலை அவர் கழுத்துக்குப் போயிற்று. தலைவர் உயரத்துக்குக் கட்டிய மாலை, புதுத் தலைவர் முழங்காலைத் தாண்டித் தொங்கியது என்று சொல்லிவிட்டுச் செயலாளர் போனிலேயே மூக்கை உறிஞ்சினார்.

இவர் வெறும் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தார். "ஒரு வழியா விட்டாங்க டீச்சர்" என்று சிரித்தார். சிரிப்பு வாய் வரைக்கும்தான் வந்தது. நான் ஜெயித்த மிதப்பில் இருந்தேன். அன்றைக்குப் பிரியாணி போட்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று மூன்று தடவையும் கேட்டேன். மூன்று தடவையும் வேண்டாம் என்றார்.

அதற்கப்புறம் மத்தியானத்தில் கடையை ஆட்களிடம் விட்டுவிட்டு வீட்டில் இருக்க ஆரம்பித்தார். ஊருக்குத் தலைவராக இருந்தவர் வீட்டுக்குத் தலைவரானால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்தேன். கரண்டிகளை உயர வாரியாக அடுக்கினார். வெங்காயக் கூடையை அடுப்படியிலிருந்து ஹாலுக்கு மாற்றி, காற்றோட்டம் என்றார். தண்ணீர்த் தொட்டியில் ஏறி அழுக்கைப் பார்த்துவிட்டு, என்னையும் வேலைக்கார அம்மாவையும் உட்காரவைத்து அரைமணி நேரம் விளக்கினார். அந்த அம்மா, "பாய் எப்ப கடைக்குப் போவாரு டீச்சர்?" என்று என் காதில் கேட்டார். ஆனால் டாக்டர் பரிசோதித்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். நான் செய்தது சரிதான் என்று எனக்கு நானே மார்க் போட்டுக்கொண்டேன்.

அந்த மார்க்கை அழித்தவர் நெய்க்காரப்பட்டித் தோட்டக்காரர் ஒருவர். ஒருநாள் கடைக்கு வந்து, அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு பை முருங்கைக்காயோடு வந்தார். இவர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம். வாசலிலேயே நின்றுகொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்க டீச்சரம்மா, நாங்க ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டோமுங்களா? பாய் இன்னைக்கு டீ குடிக்கிறீங்களான்னு ஒருக்காத்தான் கேட்டாருங்க. வேண்டாமுன்னேன். சரின்னு வுட்டுட்டாருங்க."

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, வேலை மும்முரமாக இருந்திருக்கும் என்று சமாளித்தேன். அவரை உட்காரவைத்து, மூன்று தடவை கேட்டு டீ கொடுத்து அனுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. இவர் கடைக்கு வருகிறவர்களிடம் இரண்டாவது தடவை கேட்பதையே விட்டுவிட்டார் என்றால், எங்கே அடிபட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள டாக்டர் தேவையில்லை.

இரண்டு நாள் கழித்து, தேர்வுக் கூட்டத்துக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். அன்றைக்கு மாட்டியது ஹாங்கரிலேயே கிடந்தது. நினைப்பெல்லாம் வேறெங்கோ இருந்ததால் பையைப் பார்க்காமல் மெஷினில் போட்டுவிட்டேன். சட்டையை உதறும்போது நாலாக மடித்த ஈரத்தாள் விழுந்தது. பிரித்தேன். பாதிக்கு மேல் மை கரைந்து நீலமாகிவிட்டது. மேல் மடிப்பில் மட்டும் நாலு வரி தப்பித்திருந்தது. "மதிப்பிற்குரிய வியாபாரப் பெருமக்களே, நீங்கள் மூன்றாவது தடவையும் அன்போடு கேட்கிறீர்கள். மூன்றாவது தடவையும் மறுப்பதற்கு என்னை மன்னிக்க வேண்டும்" என்று இருந்தது.

கொடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஏற்புரை எழுதவில்லை. விடைபெறுகிற உரை எழுதியிருக்கிறார். மூன்று தடவை கேட்கட்டும், மூன்றாவது தடவையும் மறுத்துவிட்டு, நல்லபடியாக நாலு வார்த்தை பேசிவிட்டு இறங்கலாம் என்று போயிருக்கிறார். நான் அவரை முதல் வார்த்தையிலேயே கழுத்தைப் பிடித்துத் தள்ளவைத்துவிட்டேன். பதினாலு வருஷம் ஓடி ஓடி உழைத்தவரை ஒருத்தர்கூட இரண்டாவது தடவை கேட்கவில்லை என்று இந்த மனிதர் இத்தனை நாள் உள்ளுக்குள் வைத்துக்கொண்டு என் கரண்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு என் மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஈரத்தாளை அவர் முன்னால் வைத்து, டீத்தூள் கடையில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளைக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப, அவங்களா விடலையா?" என்று கேட்டார்.

இல்லை, நான் சொல்லித்தான் என்றேன். மறுபடியும் அதையே கேட்டார். எண்ணெய்க் கடைப் பெரியவர் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லையாம் என்று சொன்னேன். மூன்றாவது தடவையும், "அவங்களா விடலைல்ல?" என்றார். இல்லை என்றேன். மனிதர் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. அப்புறம்தான் என் பக்கம் திரும்பி, ஆஸ்பத்திரியிலேயே சரி என்று சொன்னேனே என்று கேட்டார். சும்மா சொல்கிறீர்கள் என்று நினைத்தேன் என்றேன்.  அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே டீத்தூள் கடைக்குப் போய்ச் செயலாளரை ஒரு மணி நேரம் சந்தோஷமாகத் திட்டிவிட்டு வந்தார். இரண்டு நாள் என்னை டீச்சர் என்று கூப்பிடவில்லை. அந்தத் தண்டனை எனக்குப் போதும், போதும் என்று ஆகிவிட்டது.

சங்கத்தில் அவருக்குப் பாராட்டு விழா என்று ஏற்பாடு செய்தார்கள். பாராட்டு என்பது வெளியே சொல்லிக்கொள்ளத்தான். விட்டுப்போன இரண்டு தடவையையும் சேர்த்து முறையாகக் கேட்டுவிடுவதுதான் திட்டம். அதற்கு முந்தின நாள் புதுத் தலைவரான செல்போன் கடைக்காரர் என்னைப் பார்க்க வந்தார். நாற்பது வயசுதான் இருக்கும், நல்ல பையன். கேட்பது சும்மா கேட்பதாக இருக்கக் கூடாது, உண்மையாகவே கேட்போம், மூன்றாவது தடவை தலைவர் சரி என்றுவிட்டால் நான் இறங்கிக்கொள்கிறேன், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றார். மனசார வாழ்த்தினேன். ஆனால் அவர் போனதும் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது தடவையில் என் வீட்டுக்காரர் கை நீளாமல் இருந்த நாள் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை, அந்தப் பிரியாணி அன்றைக்குத் தவிர. மறுபடியும் கொடைரோடும் ஆஸ்பத்திரியும் என் கண் முன்னால் வந்தன. மறுநாள் காலையில் இவர் தலை சீவிக்கொண்டிருந்தபோது, என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். "கேக்கட்டும் பாப்போம்" என்றார்.

கல்யாண மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. என்னை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். செயலாளர் எழுந்து, நீங்களே மறுபடி வர வேண்டும் என்று கேட்டார். இவர் எழுந்து, இளைஞர்களுக்கு வழிவிட வேண்டும் என்றார். உட்கார்ந்து பெரியவரைப் பார்த்தார். பெரியவர் இந்தத் தடவை மின்விசிறியைப் பார்க்கவில்லை. எழுந்து, கையைக் கூப்பி, நீ இல்லாத சங்கம் சோத்துக்கு உப்பில்லாத வெஞ்சனம் வச்ச மாதிரி அப்பு என்றார். இவர், உடம்பு முன்னே மாதிரி இல்லை என்றார். அப்புறம் மண்டபமே எழுந்தது. நாற்காலிகள் நகரும் சத்தத்துக்கு நடுவில் புதுத் தலைவர் மாலையை ஏந்திக்கொண்டு மேடை ஏறினார். அவருடைய உயரத்துக்கு அல்ல, என் வீட்டுக்காரர் உயரத்துக்குக் கட்டிய மாலை.

இவர் மாலையைப் பார்த்தார். சோடாவை எடுத்து ஒரு வாய் குடித்தார். மறுபடியும் மாலையைப் பார்த்தார். நான் கைப்பையைப் பிடித்த பிடியில் அதன் காது அறுந்துவிட்டது. அப்புறம் மைக்கைப் பிடித்தார்.

"மூணாவது தடவையும் கேட்டுட்டீங்க. எனக்கு மனசு நெறஞ்சுருச்சு. ஆனா வேணாம். இது நெசமான வேணாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அவர் விடவில்லை. "இந்த ஊர்ல நான் யாருக்கும் மொதத் தடவ சரின்னு சொன்னதில்ல. உங்களுக்கும் சொன்னதில்ல, பெத்த அம்மாவுக்கும் சொன்னதில்ல. ஆஸ்பத்திரியில எங்க வீட்டம்மா ஒரே ஒரு தடவ கேட்டாங்க. சரின்னுட்டேன்" என்றார்.

மை கரைந்துபோன பாதியில் அதுதான் எழுதியிருந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. கை தட்டல் அடங்க நேரமாயிற்று. நான் தட்டவில்லை, தட்ட முடியவில்லை. ஒரு தடவை சொன்ன பதிலே பதில் என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் போதித்தவள், என் வாழ்க்கையில் கிடைத்த பெரிய பதிலை நம்பவில்லை. மேடையில் அவர் அந்த மாலையை வாங்கிப் புதுத் தலைவர் கழுத்தில் போடப் போனார். அந்தப் பையன் வேண்டாம் என்றார், மறுபடியும் வேண்டாம் என்றார், மூன்றாவது தடவை குனிந்தார். தொழில் கற்றுக்கொண்டுவிட்டார் என்று செயலாளர் என் பக்கம் சாய்ந்து சொன்னார்.

திரும்பும்போது சால்வையும் கையுமாக இருப்பார் என்று அன்றைக்கு என் ஸ்கூட்டியில்தான் வந்திருந்தோம். பின்னால் சால்வைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பழனி பஸ் குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தினேன்.

வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன். சேச்சே, அதெல்லாம் ஒன்றுமில்லை என்றார். பஸ் இன்னும் திரும்பி முடியவில்லை. நிஜமாகவே இல்லையா என்று கேட்டேன். என்ன டீச்சர், நல்ல நாளும் அதுவுமா என்றார். எனக்கும் இந்த ஊரில் வாழ்ந்து கொஞ்சம் புத்தி வந்திருக்கிறது. திரும்பிப் பார்க்காமல் மூன்றாவது தடவையும் கேட்டேன்.

என் தோளில் கையை வைத்தார்.

"கொஞ்சம் இருக்கு" என்றார்.

பஸ் போய்விட்டது. பின்னாலிருந்து ஆரன் அடித்தார்கள். வண்டியை எடுத்துக்கொண்டே, தினம் காலையில் ஒரு மணி நேரம் சங்கத்துக்குப் போய் அந்தப் பையனுக்குக் கூடமாட இருந்துவிட்டு வாருங்கள், மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன். சரி என்றார்.